கேக்கு சுடுற பேத்திமாருக்குக் கீழ்வீட்டுத் தாத்தா சொல்றது

வாசனை மட்டும் நாலு மாடி இறங்கி வருது, தட்டு ஒண்ணுகூட இறங்கி வர மாட்டேங்குதே, ஏம்மா? லிஃப்டு ரிப்பேருன்னு சொல்லாதீங்க. நீங்க போன்ல வாங்குற பார்சல் எல்லாம் அதே படியிலதான் ஏறி வருது.

கோவிச்சுக்காதீங்க. செந்தூல் பிளாட்டுல கீழ்வீட்டுக்காரன் நான். வாசல்ல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தா எந்த வீட்டு ஓவன்ல என்ன வேகுது, எந்த வீட்டுல என்ன தீயுதுன்னு மூக்கே கணக்கு எழுதிடும். ரப்பர் தோட்டத்துல பொறந்தவன், மீசை முளைக்கிற வயசுல செந்தூல் ரயில் பட்டறைக்கு வந்து வார்ப்புச் சாலையில வெந்தவன். மாவு பிசைஞ்சது கிடையாது. ஆனா நெருப்பு எப்ப சிரிக்கும், எப்ப கடிக்கும்னு தெரியும். தின்னு தின்னு நாக்குக்கும் நல்ல சர்வீசு இருக்கு. புத்தி சொல்ல இந்த ரெண்டு தகுதி போதாதா? போன்ல வந்து சொல்றவங்கள்ல பாதிப் பேருக்கு இதுகூடக் கிடையாது.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து நாடே வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்துச்சே, அப்பப் பிடிச்ச பித்து இது. மொதல்ல எல்லாரும் காப்பித் தூளை நுரை வர அடிச்சாங்க. அப்புறம் பர்ன்ட் சீஸ்கேக்கு வந்துச்சு. ஸ்பெயின் நாட்டு சான் செபாஸ்தியான் ஊர்ல லா வீன்யான்னு ஒரு கடையில பொறந்த பண்டம். மேல் தோல் கருகணும், நடுவு மட்டும் தளதளன்னு ஆடணும், அதுதான் பக்குவமாம். எங்க ஆத்தா பணியாரத்தைக் கருக்கினா எங்கப்பன் அதைக் கோழிக்குப் போடுவாரு. ஸ்பெயின்காரன் கருக்கினா காசு கொடுத்துத் திங்கிறோம். போகட்டும். பூட்டின வீட்டுக்குள்ள மாமியாரும் மருமகளும் ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்காம முட்டையை அடிச்சாங்களே, அதுவே பெரிசு.

ஆனா அந்தப் பித்துல பாதி இப்ப போனுக்குள்ள போயிருச்சு. மூணு அடுக்குக் கேக்கு, அது மேல கிரீமுல பூவு, பூவு மேல தங்கப் பொடி. படம் எடுக்கவே பொழுது சாய்ஞ்சிடுது. வெட்டவும் மனசு வரல. வெட்டினா வீட்டுல ரெண்டு பேரு ஆளுக்கு ஒரு வில்லை தின்னுட்டு, மிச்சம் ஐஸ்பெட்டியில படுத்துக் கிடக்கு. என் கணக்கு வேற. ஒரு பண்டம் நல்லா வந்துச்சான்னு கேட்டா, அது எத்தனை வாசப்படி ஏறுச்சுன்னு நான் திருப்பிக் கேட்பேன். அதனால வாசப்படி ஏறக்கூடிய பண்டமாப் பார்த்துச் சுடுங்க. கையில எடுத்தா ஒழுகக் கூடாது, அஞ்சாறு சாமான்ல முடியணும், கொடுக்கும்போது செலவை நெனைச்சு மனசு சுருங்கக் கூடாது. போற தட்டு சும்மாவா திரும்பும்? நம்ம சனம் வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்காது, ஒண்ணுமில்லாட்டி ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்பும். தீபாவளிக்குப் போன நெய் பிஸ்கட்டு, நோன்புப் பெருநாளைக்கு கூவேயாத் திரும்பும், சீனப் புத்தாண்டுக்கு அன்னாசி டார்ட்டா வந்து நிக்கும். இவ்வளவு வட்டி எந்த பேங்குலம்மா கொடுக்குறான்?

ஓவன் இல்லாத வீட்டுக்கு மொதல்ல சொல்றேன். கேக் பாத்திக் செய்யுங்க. மெதுவான தீயில கால் கிலோ வெண்ணெயை உருக்கிக்கணும். ஒரு கப்பு மைலோ, அரைக் கப்பு கொக்கோ, முக்கால் கப்பு டின் பால் சேர்த்துக் கட்டி இல்லாமக் கலக்கணும். நாலு முட்டையை நல்லா அடிச்சு ஊத்தி, கை விடாமக் கிண்டணும். கெட்டியாகி கரண்டியில ஒட்டுற வரைக்கும் விடக் கூடாது. பச்சை முட்டையோட இறக்கினா மறுநாள் வீடே கிளினிக்குக்குப் போகும். சீரியல் ஆரம்பிச்சிடுமேன்னு தீயைக் கூட்டினா மைலோ போட்ட முட்டைப் பொரியல்தான் கிடைக்கும். அப்புறம் 300 கிராம் மாரி பிஸ்கட்டை ரெண்டு மூணு துண்டா உடைச்சுப் போட்டுப் புரட்டி, தாள் விரிச்ச டின்னுல அமுக்கி, ஐஸ்பெட்டியில ஒரு ராத்திரி வச்சா முடிஞ்சுது. பிஸ்கட்டைப் பொடியாக்கிடாதீங்க. வெட்டினா வெளுப்பும் கறுப்புமாக் கோலம் தெரியணும். முட்டை வேணாம்னா விட்டுடலாம், கொஞ்சம் வழவழப்புக் குறையும், கோவம் ஒண்ணும் வராது.

அடுப்புல வேகாதது ஒரு கேக்கான்னு மூக்கைச் சுளிக்கிற மூணாவது மாடி மகாராணி கேட்டுக்கோ. 2011ல இங்கிலாந்து இளவரசர் வில்லியம் கல்யாணத்துல, மாப்பிள்ளை தனக்குன்னு கேட்டு வாங்கினது ஓவன் முகத்தையே பார்க்காத சாக்லேட் பிஸ்கட் கேக்குதான். அந்த மாரி பிஸ்கட்டும் கல்யாண வீட்டுச் சரக்குதான். 1874ல ரஷ்ய மன்னரு மக மரியாவை விக்டோரியா ராணி மகன் கட்டினப்போ, லண்டன்ல பீக் ஃப்ரீன் கம்பெனிக்காரன் பொண்ணு பேருல சுட்டு விட்டான். ஒரு சக்கரவர்த்தி மகளைத்தான் நீ தெனமும் தேத்தண்ணியில முக்கிட்டு இருக்க.

அடுத்தது ஆளு பார்த்துச் செய்யுறது. எதிர்வீட்டு மாக்சிக்குக்கு ரம்மு ஊத்தின கேக்கு ஆகாது. ஜெலட்டின் போட்டிருந்தா எந்த மிருகத்துல எடுத்ததுன்னு கேட்பாங்க, கேட்கிறது நியாயம். நம்மளுகளுக்கு மாட்டு ஜெலட்டின் ஆகாது. புரட்டாசி பொறந்தா முட்டையும் ஆகாது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில காவடி எடுக்கிறவன் விரதம் முடியுற வரைக்கும் உன் கேக்குப் பக்கம் திரும்ப மாட்டான். ரெண்டாவது மாடி சீன அம்மா அவங்க மாசத்துல மொத நாளும் பதினஞ்சாம் நாளும் சைவம். இத்தனை பேருக்கும் பொதுவா ஒரு இனிப்பு வேணும்னா வானத்துல இருந்தா வரும்? கடல்ல இருந்து வருது. அகார் அகார்.

கடற்பாசியில எடுக்கிறது அது. ஜெலட்டின் நம்ம உடம்புச் சூட்டுக்கே இளகிடும், செந்தூல் வெயிலுக்கு அரை மணி தாங்காது. அகார் அகார் ஐஸ்பெட்டி இல்லாமலே உறையும், உறைஞ்சது திரும்பக் கரையணும்னா 85 டிகிரிக்குப் பக்கமாச் சூடு காட்டணும். திறந்த இல்ல உபசரிப்புல மத்தியானம் முழுக்க மேசையில கிடந்தாலும் வச்ச எடத்துல நிக்கும். ஒரு லிட்டர் தண்ணிக்குப் பொடின்னா பத்துப் பன்னெண்டு கிராம் போதும். தளதளன்னு கொதிச்சு முழுசாக் கரையணும், அரைகுறையாக் கரைஞ்சா உறையாமப் பழி வாங்கும். பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு அதுல போடு, சீனி போடு, கடைசியாத் தேங்காய்ப் பால் ஊத்திக் கொதிக்க விடு. பால் தானா மேல ஏறி, மேல வெள்ளையும் கீழ கண்ணாடியுமா ரெண்டு அடுக்கு விழும். பார்க்கிறவங்க நீ ரெண்டு தரம் காய்ச்சி ஊத்தினன்னு நெனைப்பாங்க. அப்படியே நெனைக்கட்டும், திருத்தாத. கலர் கலரா அடுக்கணும்னு ஆசை இருந்தா, கீழ் அடுக்கு முழுசா இறுகறதுக்கு முன்ன, தொட்டா விரல்ல லேசா ஒட்டுற பதத்துல அடுத்ததை ஊத்து. ஆறிப்போன அடுக்கு மேல ஊத்தினா வெட்டும்போது ரெண்டும் விவாகரத்து வாங்கிட்டுத் தனித்தனியாப் போயிடும்.

முட்டை ஒத்துக்காத வீட்டைப் பத்திப் பேசினதால ஒரு வெள்ளைக்காரனைப் பத்திச் சொல்லிடுறேன். பர்மிங்காம் ஊருல ஆல்ஃபிரட் பேர்டுன்னு ஒரு மருந்துக்கடைக்காரரு. அவரு சம்சாரத்துக்கு முட்டை ஒத்துக்காது. 1837ல முட்டை போடாத கஸ்டர்டு பவுடரைக் கண்டுபிடிச்சாரு. அந்தம்மாவுக்கு ஈஸ்ட்டும் ஒத்துக்காது. 1843ல பேக்கிங் பவுடர் ஒண்ணைச் செஞ்சாரு. மருமகப்பிள்ளைகளா, நல்லாக் கேட்டுக்கோங்க. பொண்டாட்டிக்கு ஒண்ணு ஒத்துக்கலைன்னா அந்த மனுசன் குடுவையைத் தூக்கிட்டு ஒக்கார்ந்தாரு. நீங்க தலையணையைத் தூக்கிட்டு ஹாலுக்குப் போறீங்க. பேக்கிங் பவுடருக்கு ஒரு சோதனையும் இருக்கு. கொதி தண்ணியில அரைக் கரண்டி போட்டா புஸ்ஸுன்னு பொங்கணும். பொங்கலைன்னா அது நம்ம ஊரு ஈரக்காத்துல எப்பவோ செத்துப்போச்சு, கேக்கு எழும்பலைன்னு ராசி மேல பழி போடாதீங்க.

இனி ஓவன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம், சுடத் தெரியாதவ ஓவன் கோணல்னு சொல்றா. ஆனா வேடிக்கை என்னன்னா, நம்ம வீட்டு மேசை ஓவன் பலதும் நெசமாவே கோணல்தான். திருகுல 170ன்னு இருக்கும், உள்ள 200ல கொதிக்கும். சமையல் சாமான் கடையில ஓவன் தெர்மாமீட்டர் கிடைக்கும், வாங்கி உள்ள தொங்க விடுங்க. போனு உறைக்குக் கொடுக்கிற காசுகூட ஆகாது.

வெள்ளைக்காரப் புத்தகத்தைப் பார்த்து வெண்ணெயை வெளிய எடுத்து வைக்காதீங்க. அறைச் சூட்டுல இருக்கட்டும்னு அவன் எழுதுறது அவன் ஊரு அறை. அங்க ஜன்னலுக்கு வெளிய பனி, உள்ள ஒரு இருபது டிகிரி. இங்க குசினியில முப்பத்திரண்டு. வெண்ணெயை எடுத்து வச்சுட்டு மாமியாரோட ஒரு வாக்குவாதத்தை முடிச்சுட்டு வந்து பார்த்தா அது ரசமா இருக்கும். ரசத்துக்குள்ள சீனியைப் போட்டு அடிச்சா காத்து நிக்காது, கேக்கு சப்பையா வரும். ஐஸ்பெட்டியில இருந்து எடுத்துச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, விரல் வச்சா குழி விழுற பதம் வந்ததும் அடிக்க ஆரம்பிச்சிடணும். வாக்குவாதத்தை அப்புறம் வச்சுக்கலாம், அது எந்தச் சூட்டுலயும் கெடாது.

வெண்ணெயோட மல்லுக்கட்ட முடியாதவங்களுக்கு நம்ம நெய் பிஸ்கட்டு இருக்கவே இருக்கு. தீபாவளி வந்தா பிரிக்பீல்ட்சுல இருந்து கிள்ளான் வரைக்கும் போத்தல் போத்தலா விக்கிறாங்களே, அதேதான். கோதுமை மாவு 250 கிராம், நெய் 150, ஐசிங் சீனி 100. ஏலக்காய் கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகை. அவ்வளவுதான் ஜாதகம். மாவை வெறும் சட்டியில பாண்டான் இலை போட்டு, நிறம் மாறாம வறுத்து, ஆற விட்டுச் சலிச்சுக்கணும். நெய் கியூ.பி.பி. டின்னா இருந்தா வாசனைக்கு வேற சிபாரிசு வேணாம். எல்லாத்தையும் சேர்த்துப் பிசைஞ்சு, கோலிக்குண்டு அளவு உருட்டி, 150ல இருந்து 160 டிகிரிக்குள்ள கால் மணி, இருபது நிமிசம். செவக்கக் கூடாது. வெளுத்த மேனிக்கே வெளிய வரணும். வெண்ணெயில நூத்துக்கு பதினாறு பங்குக்குக் கிட்டத் தண்ணி, நெய்யில தண்ணியே கிடையாதுன்னு வச்சுக்கலாம். மாவு தண்ணியைக் கண்டாத்தான் பசை பிடிச்சு இழுக்கும். தண்ணி இல்லாததால இழுக்காம, வாயில போட்டதும் கரையுது. பல்லு இல்லாத கிழவனுக்குன்னே யாரோ கண்டுபிடிச்சது.

எடுத்ததும் கை வைக்காதீங்க. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கலைன்னு சும்மாவா சொன்னாங்க? பட்டறையில வார்ப்பிரும்பை 1,200 டிகிரிக்குக் கிட்ட உருக்கி அச்சுல ஊத்துவோம். ஊத்தின அவசரத்துல அச்சை உடைச்சா வார்ப்பு வெடிச்சு வீணாகும், பெரியவரு திட்டு அதுக்கு மேல வெடிக்கும். கேக்கு டின்னும் அப்படித்தான், பத்து நிமிசம் ஆறினப்புறம் கவிழ்த்தாத்தான் முழுசா விழும். பிஸ்கட்டு சூடா இருந்தா தொட்டாலே உதிரும். சூட்டோட போத்தல்ல போட்டு மூடினா ஆவி வேர்த்து, மூணாம் நாள் எல்லாம் நமுத்துப் போயிடும். முழுசா ஆறட்டும். அதுவரைக்கும் கை பரபரத்தா பாத்திரம் கழுவுங்க. எந்தக் காணொளியிலயும் அந்தப் பாத்திரத்தைக் காட்ட மாட்டாங்க, கவனிச்சிருக்கீங்களா?

ஓவன் இப்ப வந்ததுன்னு நெனைச்சுக்காதீங்க. மண்ணெண்ணெய் டின்னை வெட்டிக் கதவு வச்சு, கீழயும் தணல், மேல மூடியிலயும் தணல் போட்டுச் சுட்டுக்கிட்டிருந்த ஊரு இது. கம்பத்துல கூவே பாகுலுவைப் பித்தளை அச்சுல அப்படித்தான் சுட்டாங்க. ரயில்வேயில கிராணி வேலைக்கும் ஸ்டேசன் மாஸ்டர் வேலைக்கும் யாழ்ப்பாணத்துல இருந்து வந்து செந்தூல்லயும் பிரிக்பீல்ட்சுலயும் இருந்த சிலோன்காரங்க வீட்டுல கேக்குன்னா அது ஒரு சடங்கு. லவ் கேக்குக்கு ரவை, முந்திரி, பூசணிக்காய் மிட்டாய், பன்னீர், ஜாதிக்காய். சூஜி கேக்குக்கு ரவையை வெண்ணெயில ஊற வச்சு மணிக்கணக்காக் காத்திருக்கணும். ரவை ஊறி உப்பினாத்தான் வாயில நறநறக்காது. காத்திருக்கத் தெரிஞ்ச சனம். பட்டறைக் குவார்ட்டர்ஸ்ல எங்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு சின்ன வில்லை வரும், பேப்பர்ல மடிச்சு. அதை நாலா வெட்டித் திங்கிறதுக்கு எங்க வீட்டுல ஒரு நாடாளுமன்றக் கூட்டமே நடக்கும்.

இதெல்லாம் பெரிய வேலை, தாத்தா, சுலபமாச் சொல்லுன்னா பிங்கா ஊபி. மரவள்ளிக்கிழங்கு. ஜப்பான்காரன் காலத்துல அரிசி கிடைக்காம சனம் அதைத்தான் தின்னு உயிர் பிழைச்சுது. 1945ல நேசநாட்டு விமானம் வந்து எங்க செந்தூல் பட்டறையில குண்டு போட்ட நாள்லயும் சட்டியில கிடந்தது அந்தக் கிழங்குதான்னு எங்கப்பன் சொல்வாரு. சண்டை முடிஞ்சப்புறம் அதைக் கண்ணாலயே பார்க்க மாட்டேன்னு இருந்த மனுசரு. இன்னைக்கு அதையே சதுரம் சதுரமா வெட்டி, பாசார் மாலாம்ல பேரன் வெள்ளி கொடுத்து வாங்கித் திங்கிறான். வீட்டுல செஞ்சா ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவித் துருவி, சாறைப் பிழிஞ்சு விட்டுடணும், அந்தச் சாறுல விசம் இருக்கு. கசப்புக் கிழங்கு பக்கமே போகாதீங்க. கெட்டித் தேங்காய்ப் பால், சீனி கால் கிலோ, ஒரு முட்டை, உப்பு. வாழை இலை விரிச்ச டின்னுல ஊத்தி, 180ல ஒரு மணி நேரம், மேல பொன்னாச் செவந்து ஓரம் முறுகுற வரைக்கும். முட்டையை விட்டாலும் வரும். கோதுமையும் இல்ல, அடிக்கிற மிசினும் வேணாம். ஆறினப்புறம் வெட்டுங்க, சூட்டுல வெட்டினா கத்தியோட குடும்பம் நடத்தும்.

கடைசியா, சீனி விசயம். 2019ல நாடு முழுக்க எடுத்த சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல நூத்துக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர்னு வந்துச்சு. அதே வருசம் ஜூலை 1ஆம் தேதி இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டாங்க. குடிக்கிற சீனிக்கு வரி, கடிக்கிற சீனிக்கு வரி இல்ல, அதனால நாமளே போட்டுக்கணும். கேக்குலயும் பிங்காவுலயும் எழுதியிருக்கிற சீனியில கால் பங்கைக் குறைங்க, திங்கிறவனுக்குத் தெரியாது. டின் பால்ல கையை அடக்குங்க. துண்டைச் சின்னதா வெட்டி நெறைய வீட்டுக்கு அனுப்புங்க, ஒரே ஆளுக்கு அரைக் கேக்கு கொடுக்கிறது பாசமில்ல, பழி. எனக்கு அனுப்புற துண்டுல மட்டும் சீனி சரியான அளவுல இருக்கட்டும். டாக்டரு மக இதே பிளாட்டுல ஆறாவது மாடியிலதான் இருக்கு, கேட்டா தாத்தா பக்கத்து வீட்டுக்கு வாங்கிட்டுப் போனாருன்னு சொல்லிடுங்க.